குழந்தைச் சட்டையில் ‘ஒளி’: ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல் சரி?

நொய்யல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். புடாபெஸ்ட்டிலிருந்து குழந்தைகளின் சட்டைக்கு ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. நெஞ்சுப் பகுதியில் சிறிய மின்விளக்கின் படமும், அதன் கீழே ‘ஒளி’ என்று பொருள்படும் ஹங்கேரியச் சொல்லும் அச்சாக வேண்டும். எங்கள் டிசைனர் ‘லைட்’ என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்ப்புச் செயலியில் கொடுத்துத் தேடியபோது ‘கொஞ்ஞூ’ என்று வந்தது. அதையே எழுதி, ஸ்கிரீன் போட அனுப்ப இருந்த நேரத்தில், பையர் அனுப்பிய டெக் பேக்கில் (சட்டையின் விவரக்குறிப்புத் தாளில்) அதே சொல் துணியின் 140 ஜி.எஸ்.எம். கனத்துக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டு வேலையை நிறுத்தி வைத்தேன்.

பிறகு மற்ற தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். ஷேடு கார்டில் வெளிர்நீலத்துக்கு நேராக ‘விலாகோஷ்கேக்’ என்று இருக்கிறது. சோதனைப் பட்டியலில், சாயம் வெயிலில் வெளுக்காமல் நிற்கிறதா என்று பார்க்கும் வரிக்கு எதிரே ‘ஃபேஞால்லோஷாக்’ என்று இருக்கிறது. செயலியோ இம்மூன்றிலும் ‘லைட்’ என்ற ஆங்கிலச் சொல்லையே காட்டுகிறது. (செயலி ஒலித்துக் காட்டியபடி தமிழில் எழுதியிருக்கிறேன், உச்சரிப்பில் பிழை இருந்தால் திருத்துங்கள்.) பையரிடமும் கேட்கத்தான் போகிறேன். ஆனால் ஒரு குழந்தை நெஞ்சில் அணியப்போகும் சொல்லை, அதன் பொருள் தெரியாமல் அச்சடித்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இவற்றில் எது ஒளி? ஒவ்வொன்றையும் அந்த மக்கள் எந்த இடத்தில் சொல்கிறார்கள்?


பேரூர்க்காரி எழுதியது:

வணக்கம் தம்பி. கோவையைச் சேர்ந்த நான் ஆராய்ச்சிப் படிப்புக்காக ஹங்கேரியின் தெப்ரெட்சென் நகரில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். நீங்கள் வேலையை நிறுத்தி வைத்தது மிகவும் நல்லது. ‘கொஞ்ஞூ’ என்றால் கனமில்லாதது, இலேசானது என்று பொருள்; எளிதானது என்றும் பொருள் உண்டு. பரீட்சை கொஞ்ஞூவாக இருந்தது என்பார்கள், பை கொஞ்ஞூவாக இருக்கிறது என்பார்கள். அந்தச் சொல்லுக்கும் ஒளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கனமின்மை, வெளிர்நிறம், ஒளி ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்திருப்பதால் வந்த குழப்பம் இது. தமிழிலிருந்து நேராகத் தேடியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்று நினைக்கிறேன். இலேசு, வெளிர், ஒளி என்று நாம் மூன்றையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம்.

உங்கள் சட்டைக்கு வேண்டிய சொல் ‘ஃபேஞ்’. சூரியன், நிலவு, விளக்கு, மெழுகுவத்தி என எதிலிருந்து கிளம்பினாலும், கிளம்பி வருகிற அந்த ஒளிக்கு ஃபேஞ் என்று பெயர். சூரிய ஒளி ‘நப்ஃபேஞ்’, நிலவொளி ‘ஹோல்ட்ஃபேஞ்’. இயற்பியலில் ஒளியின் வேகத்தைச் சொல்லும்போதும் இதே சொல்தான். ஒளியாண்டு என்று நாம் சொல்வதை அவர்கள் ‘ஃபேஞேவ்’ என்கிறார்கள். ‘ஏவ்’ என்றால் ஆண்டு. ஒளிப்படம் ‘ஃபேஞ்கேப்’, ‘கேப்’ என்றால் படம். முதல் மாதத்தில் ஒரு கடைப்பலகையில் இந்தச் சொல்லைப் பிரித்துப் படித்து, நம் ஒளிப்படத்தின் அமைப்பை அதில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. நம்மிடம் தனித்தமிழ் முயற்சி நடந்ததைப் போல, அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காசின்சி ஃபெரென்ட்ஸ் முதலியோர் முன்னின்று ஒரு மொழிச் சீர்திருத்தத்தை நடத்தி, ஆயிரக்கணக்கான சொற்களைத் தங்கள் வேர்களிலிருந்தே ஆக்கிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அறிவியலும் அன்றாட வாழ்வும் அங்கே சொந்தச் சொற்களில் நடப்பதற்கு அந்த உழைப்பு ஒரு பெரிய காரணம்.

சோதனைப் பட்டியலில் உள்ள ‘ஃபேஞால்லோஷாக்’ என்பதும் இந்த ஃபேஞ்சிலிருந்து வந்ததுதான். ‘ஆல்’ என்றால் நில். ஒளிக்கு முன் நிற்கும் தன்மை என்பது அதன் பொருள். உங்கள் தொழிலில் நீங்கள் லைட் ஃபாஸ்ட்னஸ் என்று சொல்வது அதுதான். ‘ஃபேஞெஷ்’ என்று எங்காவது பார்த்தால், அது பளபளப்பானது என்று பொருள்படும். துணிக்கும் சொல்வார்கள், துடைத்து வைத்த செருப்புக்கும் சொல்வார்கள். ஓர் அரசோ கலையோ உச்சத்தில் இருந்த காலத்தை ‘ஃபேஞ்கோர்’, அதாவது ஒளிக்காலம் என்பார்கள். ஆடம்பரத்துக்கு ‘ஃபேஞூஸேஷ்’ என்று பெயர். பகட்டொளியைத் துரத்திச் செல்வது என்று அதைப் பிரிக்கலாம்.

ஷேடு கார்டில் உள்ள ‘விலாகோஷ்கேக்’ வேறு குடும்பத்துச் சொல். ‘கேக்’ என்றால் நீலம். ‘விலாகோஷ்’ என்றால் வெளிச்சமானது, வெளிர்ந்தது, தெளிவானது. அறை விலாகோஷாக இருக்கிறது என்றால் உள்ளே நல்ல வெளிச்சம் வருகிறது என்று பொருள். ஒன்றை விளக்கிச் சொல்லிவிட்டு, விளங்கியதா என்று கேட்கும் இடத்திலும் ‘விலாகோஷ்?’ என்றே கேட்பார்கள். விளங்கியது என்பதற்கும் ‘விலாகோஷ்’ என்பதே மறுமொழி. ஒரு செய்தி வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போன்றதுதான் இதுவும். நிறத்தோடு சேர்ந்தால் வெளிர்நிறம் என்பது மட்டுமே பொருள். அதற்கு எதிரான அடர்நீலம் ‘ஷொதேத்கேக்’. லேப் டிப்புக்கு (மாதிரிச் சாயத்துக்கு) அனுப்பும்போது இந்த இரண்டும் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் எரியும் விளக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூன்றாவதாக ஒரு சொல் வந்துவிடுகிறது. விளக்கை அணைத்துவிடு என்று சொல்லும்போது அவர்கள் ஃபேஞ் என்று சொல்வதில்லை. ‘வில்லஞ்’ என்றே சொல்கிறார்கள். மின்னலைக் குறிக்கும் ‘வில்லாம்’ என்ற சொல்லின் வேரிலிருந்து, நான் மேலே சொன்ன மொழிச் சீர்திருத்தக் காலத்தில் ஆக்கப்பட்ட சொல் அது. மின்சாரத்தையும் குறிக்கும், மின்விளக்கையும் குறிக்கும். மின்னலின் ‘மின்’னிலிருந்து நாம் மின்சாரம், மின்விளக்கு என்று ஆக்கிக்கொண்டதும் இதே வழியில்தான். படத்தில் மின்விளக்கு இருப்பதால் வில்லஞ் என்று போடலாமா என்று உங்கள் டிசைனர் கேட்கக்கூடும், வேண்டாம். அது சுவிட்சைத் தட்டும் இடத்துச் சொல். குழந்தையின் சட்டைக்கு ஃபேஞ்தான் பொருந்தும். மின்விளக்கின் படம் அந்த நாட்டுக்கு ஏற்றதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: டங்ஸ்டன் இழை விளக்குக்கு 1904-ஆம் ஆண்டில் ஷாண்டோர் யுஸ்ட், ஃபிரான்யோ ஹனமான் என்ற இருவர் காப்புரிமை பெற்றது ஹங்கேரியில்தான்.


கோபி ஆசிரியர் எழுதியது:

தம்பிக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹங்கேரிய மொழியை நான் கற்றதில்லை. ஆனாலும் அம்மா எழுதியதைப் படித்தபோது சில செய்திகள் என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தன. தவறிருந்தால் பொறுத்துத் திருத்த வேண்டும்.

முதலாவது, சொல்லின் இறுதியில் நிற்கும் ஞகர மெய். சொல்லுக்கு ஈறாக வரத்தக்கவை என்று தொல்காப்பியம் வகுத்த பதினொரு மெய்களில் ஞகரமும் உண்டு. ஆனால் அதற்கு எடுத்துக்காட்டாக, உராய்தலைக் குறிக்கும் ‘உரிஞ்’ என்ற ஒரே சொல்லைத்தான் நம் உரையாசிரியர்கள் காட்டுவார்கள். வகுப்பில் அந்த நூற்பாவை நடத்தும்போதெல்லாம், ஒரு சொல்லுக்காக ஓர் எழுத்தையா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஞகரத்தில் முடிகிற சொல் இன்னொரு மக்களின் நாவில், அதுவும் ஒளி என்ற பொருளோடு, ஒவ்வொரு நாளும் புழங்குகிறது என்று அன்றே தெரிந்திருந்தால் அவர்களுக்குச் சொல்லியிருப்பேன். தமிழர்கள் இந்தச் சொல்லை ‘ஃபேனி’ என்றோ ‘ஃபென்ய்’ என்றோ படிக்க வேண்டியதில்லை. பஞ்சு என்று சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் பதிகிற இடத்தில் நிறுத்திவிட்டால், சொல் சரியாக முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, ‘நப்ஃபேஞ்’ என்பதில் உள்ள ‘நப்’ சூரியனை மட்டும்தான் குறிக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். நம் கொங்கு நாட்டில் ‘பொழுது’ என்றால் நேரமும்தான், சூரியனும்தான். பொழுது கிளம்பிவிட்டது, பொழுது விழுந்துவிட்டது என்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் சொல்லும்போது சூரியனையே சொல்கிறார்கள்.

மூன்றாவதுதான் நான் முதன்மையாகக் கேட்க விரும்புவது. விலாகோஷ் என்பதற்கு வேரான ‘விலாக்’ என்ற சொல் தனியாக உண்டா? இருந்தால் அதற்குப் பொருள் என்ன? விளங்கு, விளக்கு, விளக்கம் என்னும் நம் சொற்களோடு அது ஒலியிலும் பொருளிலும் இவ்வளவு நெருங்கி வருவதைக் காணும்போது, இரண்டும் ஒரு தாய் வயிற்றுச் சொற்களாக இருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு சேர்த்துப் பேசியபோது, ஹங்கேரியத்தின் இனத்தையும் அந்தக் கூட்டத்தில்தான் வைத்தார் என்பது நினைவுக்கு வருகிறது.


பேரூர்க்காரி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். ‘நப்’ பற்றி நீங்கள் எண்ணியது சரியே. அது சூரியனையும் குறிக்கும், நாளையும் குறிக்கும். மாதத்துக்கு அவர்கள் சொல்லும் ‘ஹோனப்’ என்பதில் ‘ஹோ’ என்ற பகுதி நிலவைக் குறித்த பழஞ்சொல். நமக்குத் திங்கள் நிலவாகவும் மாதமாகவும் இருப்பதைப் போன்றதுதான்.

விலாக் என்ற சொல் தனியாக உண்டு. இன்று அதன் முதன்மைப் பொருள் உலகம். நீங்கள் இதைக் கேட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சி, ஏனெனில் அந்த மொழியில் என்னை முதலில் கட்டிப்போட்ட சொல் அதுவே. பழங்காலத்தில் விலாக் என்றால் ஒளி. ஒளியில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் உலகம் என்ற முறையில் பொருள் விரிந்து, பின்னர் உலகம் என்பதே தலைமைப் பொருளாகிவிட்டது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். இந்தப் போக்கு அந்த நிலப்பகுதியில் மற்ற மொழிகளிலும் காணப்படுகிறது: ரஷ்ய மொழியில் ‘ஸ்வெத்’ என்பது ஒளி, உலகம் ஆகிய இரண்டையும் குறிக்கிறது, ருமேனிய மொழியில் உலகத்தைக் குறிக்கும் ‘லுமே’ என்பது ஒளியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

ஆனால் பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நிலவொளிக்கு ஹோல்ட்ஃபேஞ் என்ற சொல்லோடு ‘ஹோல்ட்விலாக்’ என்ற சொல்லும் வழங்குகிறது; உலகம் என்ற பொருளை மட்டும் மனத்தில் கொண்டு அதை நிலா உலகம் என்று மொழிபெயர்ப்பவர்கள் தடுக்கி விழுவார்கள். ஒரு நூல் அச்சாகி வெளிவந்தால், அது ‘நப்விலாகோத் லாத்’, அதாவது பகலொளியைக் கண்டது என்பார்கள். கண்பார்வையை ‘ஸெமெ விலாக’, அதாவது கண்ணின் ஒளி என்று சொல்லும் வழக்கு இன்றும் உண்டு. பார்வையற்றவருக்கு ‘விலாக்தலன்’ என்று ஒரு பெயர். ஒளியற்றவர் என்று பொருள். உலகமற்றவர் என்று படித்துவிட்டு நான் ஒரு நாள் முழுவதும் அந்த வாக்கியத்தோடு போராடியிருக்கிறேன்.

காரோலி காஸ்பாரின் விவிலிய மொழிபெயர்ப்பு 1590-இல் விஜோய் என்ற ஊரில் அச்சானது. உலகப் படைப்பைச் சொல்லும் தொடக்கத்தில் ஒளி உண்டாகட்டும் என்று வரும் இடத்தில், அதில் ஃபேஞ் இல்லை. ‘விலாகோஷ்ஷாக்’ என்றுதான் இருக்கிறது. நம் பழைய தமிழ் விவிலியத்திலும் அந்த இடத்தில் ‘வெளிச்சம்’ என்றே இருக்கிறது, ஒளி என்று இல்லை. எங்கிருந்தோ கிளம்பி வரும் கதிர் ஒளியாகவும், எல்லாவற்றையும் காணும்படி செய்கிற நிலை வெளிச்சமாகவும் தமிழர் காதுக்குப் படுவதைப் போலவே, அவர்களுக்கும் ஃபேஞ் ஒன்று, விலாகோஷ்ஷாக் வேறொன்று. உலகத்துக்கு ஒளி என்று இயேசு தம்மைக் கூறிக்கொள்ளும் இடத்தில் ஹங்கேரியத்தில் ‘விலாக் விலாகோஷ்ஷாக’ என்று வருகிறது. உலகத்துக்கும் ஒளிக்கும் அங்கே ஒரே வேர் என்பதால், அந்தத் தொடரில் ஒரு தனி ஓசை கிடைக்கிறது.

விளக்குக்கும் விலாக்குக்கும் உறவு உண்டா என்ற கேள்வியில்தான், ஐயா, உங்களோடு நான் உடன்பட முடியவில்லை. ஹங்கேரியம் யூராலிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னிய மொழியும் எஸ்தோனிய மொழியும் அதன் தூரத்து உறவுகள். விலாக் என்பதை, வெண்மையையும் நெருப்பையும் குறிக்கும் ‘வல்கெயா’ என்ற பின்னியச் சொல்லோடுதான் இணைக்கிறார்கள். கால்டுவெல்லின் சித்தியக் கருத்தைப் பின்வந்த மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒலி ஒப்புமை ஒரு சொல்லில் அமைவது எந்த இரண்டு மொழிகளுக்கு இடையிலும் நேரக்கூடியது. நான் அங்கே சென்ற புதிதில் இதே எண்ணம் எனக்கும் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு வருத்தமாகவும் இருந்தது.

சொல்லமைப்பில் உள்ள ஒற்றுமையை நீங்கள் தாராளமாக வியக்கலாம், ஏனெனில் அதைப் பார்க்க உறவு தேவையில்லை. ‘ஃபேஞ்’ ஒளி, ‘ஃபேஞெக்’ ஒளிகள், ‘ஃபேஞெக்பென்’ ஒளிகளில். பெயர், பன்மை, வேற்றுமை என்று நம் வரிசையிலேயே ஒட்டுகள் வந்து நிற்கின்றன. நம்மிடம் இல்லாத ஒன்று, ஒட்டின் உயிரெழுத்து சொல்லின் உயிரெழுத்துக்கு இணங்கி மாறுவது: ஒளியில் என்பது ‘ஃபேஞ்பென்’, உலகில் என்பது ‘விலாக்பன்’. இதைக் காது பழகித்தான் பிடிக்க வேண்டும்.


தாளவாடி எழுதியது:

வணக்கம். அம்மா சொன்னதற்கு ஒரு துணைச் சான்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் மலையில் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுகிறோம். தமிழில் விளக்கு, விளங்கு என்று வகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் ‘பெளகு’ என்றும், வெளிச்சம் என்ற பொருளில் ‘பெளக்கு’ என்றும் பகரத்தில் வருகின்றன, தெலுங்கில் ‘வெலுகு’. வேர் என்பதைக் கன்னடத்தில் ‘பேரு’ என்பதும், வெள்ளியை ‘பெள்ளி’ என்பதும் இதே முறைதான். ஒரு சொல்லில் கண்ட மாற்றம் பல சொற்களில் தவறாமல் வருவதால் இவற்றை உறவென்று கொள்கிறோம். ஹங்கேரியத்தின் விலாக்குக்கும் நம் விளக்குக்கும் நடுவில் அப்படிப்பட்ட ஒழுங்கான வரிசை ஒன்றும் இல்லை.


கோபி ஆசிரியர் எழுதியது:

ஒழுங்கான ஒலிமாற்றம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தாளவாடி அன்பர் காட்டிய ‘பெள்ளி’ எனக்குப் போதும். உறவு இல்லாத இரண்டு மக்கள், அறிந்துகொள்வதை ஒளியோடு சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள் என்பது உறவைவிடப் பெரிய செய்தியாக எனக்குப் படுகிறது. விளக்கம் என்ற சொல்லுக்கு இணையாக அவர்களிடமும் விலாகோஷிலிருந்து பிறந்த சொல் உண்டா, அம்மா?


பேரூர்க்காரி எழுதியது:

உண்டு, ஐயா. ஒருவருக்குத் தகவலை விளக்கித் தெரியப்படுத்துவதற்கு ‘ஃபெல்விலாகோஷீதாஷ்’ என்ற சொல் இருக்கிறது. வெளிச்சப்படுத்துதல் என்று அதைப் பிரிக்கலாம். ஐரோப்பிய வரலாற்றில் அறிவொளிக் காலம் என்று நாம் சொல்வதும் அதே வேரிலிருந்து வந்த ‘ஃபெல்விலாகோஷோடாஷ்’ என்பதுதான்.

தம்பிக்கு இன்னொரு செய்தி. ஃபேஞ் என்பதை உரோமன் எழுத்தில் எழுதும்போது எஃப், ஈ, என், ஒய் என்று நான்கு எழுத்துகள் வரும். அவற்றுள் ஈ எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு கட்டாயம் இருக்க வேண்டும். உயிரை ஏகாரமாக நீட்டுவது அந்தக் கோடுதான். பெரிய எழுத்துகளில் எழுதினாலும் கோட்டை விடக்கூடாது. கோடு இல்லாவிட்டால் அது அந்த மொழியில் ஒரு சொல்லே ஆகாது. என், ஒய் ஆகிய இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்தாகக் கருதப்படும். அதுதான் ஐயா சொன்ன ஞகரம். எழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி வடிவமைத்தால் அந்த இரண்டையும் பிரித்துவிடாதீர்கள்.


நொய்யல்வாசி எழுதியது:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் தாளவாடி அன்பருக்கும் மிக்க நன்றி. இன்று காலையில் டிசைனரோடு உட்கார்ந்து ‘கொஞ்ஞூ’வை எடுத்துவிட்டு ‘ஃபேஞ்’ என்று மாற்றிவிட்டோம். பையரிடம் அனுப்பிக் கேட்டதில், அதுவே சரி என்று மறுமொழி வந்துவிட்டது. எழுத்துகளை மேலிருந்து கீழாக அடுக்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார். அக்கா சொன்ன பிறகு ஒரே வரியாக மாற்றிக்கொண்டோம்.

ஃபேஞால்லோஷாக் வரியையும் இப்போது முழுமையாகப் புரிந்துகொண்டேன். செனான் விளக்கின் கீழே, ஐ.எஸ்.ஓ. 105-பி02 முறைப்படி, நீலக் கம்பளி அளவுகோலில் 1 முதல் 8 வரை தரம் பார்க்கும் சோதனை அது. அவர்கள் 4 கேட்டிருக்கிறார்கள். வெளிர்நீலம்தான் இந்தச் சோதனையில் எங்களுக்கு எப்போதும் தொல்லை கொடுக்கும் நிறம், ஏனெனில் வெளிர் ஷேடில் சாயம் குறைவாக ஏறியிருப்பதால் வெளுப்பு சீக்கிரம் தெரிந்துவிடும். ஆகவே சாயப்பட்டறையில் முன்பே சொல்லி, அந்த ஷேடுக்கு மட்டும் தனியாக லேப் டிப் போட்டுச் சோதனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் அளவில் எழுத்து சிறிதாகிவிடுவதால், ஈ எழுத்தின் மேலுள்ள கோடு முதல் ஸ்டிரைக் ஆஃபில் (மாதிரி அச்சில்) மையால் அடைபட்டு, எழுத்தோடு ஒட்டிப் புள்ளியைப் போலத் தெரிகிறது. கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கி மேலே தூக்கி வைக்கலாமா, அப்படி வைத்தால் அங்கே படிப்பவர்களுக்கு வேறு குறியாகத் தோன்றுமா?


பேரூர்க்காரி எழுதியது:

தடிமனாக்கலாம், எழுத்திலிருந்து சற்று விலக்கியும் வைக்கலாம். இடமிருந்து வலமாக மேலே ஏறும் சாய்வு மட்டும் மாறக்கூடாது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அது ஹங்கேரியத்தில் இல்லாத குறி. சாய்வு தெரியும்படி கோட்டின் நீளத்தைக் கூட்டிவிடுங்கள், புள்ளி என்ற ஐயம் வராது.